ஒரு பக்கம் நலுங்கு, மறுபக்கம் ஒப்பாரி

சுங்கை பினாங்கில் எங்கள் வரிசை வீடுகளில் ஒரு பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமானால் முதலில் பந்தல்காரருக்குச் சொல்வார்கள், அடுத்து எனக்குச் சொல்வார்கள். ஐயருக்குக்கூட அதற்குப் பிறகுதான். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை என்றால் அது பொய். பெருமைக்காகத்தான் சொல்கிறேன். நலுங்குக்கு மஞ்சள் குழைக்கும்போது நான் பாட ஆரம்பித்தால் அடுப்படியில் இருக்கிற பெண்கள் கரண்டியும் கையுமாக வந்து நிற்பார்கள். தாலாட்டு, கும்மி, வளைகாப்புப் பாட்டு என்று எதைக் கேட்டாலும் என்னிடம் இருந்தது. பாதி என் அம்மா பாடியது, மீதி நானே கட்டியது. எது யாருடையது என்று பிரித்துப் பார்க்க எனக்கு நேரம் இருந்ததில்லை.

என் வீட்டுக்காரர் டோலக் வாசிப்பார். பகலில் அவருக்குத் துறைமுகத்தில் மூட்டைகளுக்கு மையால் அடையாளம் போடுகிற வேலை. எவ்வளவு தேய்த்தாலும் விரலிடுக்கில் மை போகாது. கல்யாண வீடுகளில் பெண்கள் கூடத்தில் உட்கார்ந்திருப்போம், அவர் வாசலில் உட்கார்ந்து என் பாட்டுக்கு அடி போடுவார். முகம் பார்க்காமலே நான் எங்கே மூச்சு வாங்குவேன் என்று அவருக்குத் தெரியும்.

எங்களுக்கு ஒரே மகள். வெள்ளிக்கிழமை அவளுக்கு எண்ணெய்க் குளியல் என்றால் வரிசை வீடு முழுவதும் தெரியும், அத்தனை அழுகை. அழுகையை அடக்க என் நலுங்குப் பாட்டின் கடைசி அடியைப் பாடுவேன். பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி கடலுக்கு அந்தப் பக்கம் வாழ்க்கைப்பட்டுப் போனபோது நான் கட்டிய அடி அது.

அக்கரைக்குப் போனாலும் அழுவாதடி என் தங்கமே,
அலைகடலு தூரமில்லே, அம்மா குரல் எட்டுமடி.

'அக்கரை' என்னும்போது மஞ்சள் பூசிய அவள் மூக்கைப் பிடித்துத் திருகுவேன். அழுதுகொண்டிருந்தவள் சிரித்துவிடுவாள். கொஞ்ச நாளில், நான் அந்த அடிக்கு வருவதற்கு முன்பே மூக்கைச் சுருக்கிக்கொண்டு தயாராக நிற்க ஆரம்பித்தாள்.

அந்தக் காலத்தில் கப்பித்தான் பள்ளிவாசலுக்குப் பக்கத்தில் ஒருவர் கடை வைத்திருந்தார்; கடை முதலாளியை இங்கே தவுக்கே என்போம். ராமநாதபுரம் பக்கத்து முஸ்லிம். குடை, கடிகாரம், செண்ட் பாட்டில், இவற்றோடு கிராமபோன் பெட்டியும் பிளேட்டும் விற்பார். புது பிளேட் வந்த அன்று பெட்டியின் குழாயைத் தெருப் பக்கம் திருப்பிவைத்துச் சாவி கொடுப்பார். ரிக்‌ஷாக்காரர், சம்பான் படகுக்காரர், பள்ளிவாசலுக்கு வந்தவர், கோயிலுக்குப் போகிறவர் எல்லாரும் நின்று கேட்பார்கள். வருவதெல்லாம் மதராஸ் நாடகப் பாட்டுகள். ராகம் இழுத்து இழுத்துப் பாடுவார்கள், பாட்டு எப்போது ஆரம்பிக்கும் என்று நாம் காத்திருக்கும்போதே பிளேட் முடிந்துவிடும். அதை நான் தவுக்கேயிடம் ஒருமுறை சொல்லி வைத்தேன். அதுதான் வினையாயிற்று. பாட்டைப் பதிந்து பிளேட் போடுகிற கம்பெனிக்காரர்கள் ஊருக்கு வந்து ஓட்டலில் அறை எடுத்தபோது அவர் நேரே எங்கள் வீட்டுக்கு ஆள் அனுப்பினார்.

"நம்ம ஆளுங்க பாட்டு ஒண்ணு பிளேட்டுல வரட்டும் லா, தங்கச்சி. கல்யாணத்துக்குக் கல்யாணம் வாங்குவாங்க" என்றார்.

அந்த அறையை என்னால் மறக்க முடியாது. சன்னல்களை அடைத்து, சுவரெல்லாம் கெட்டிக் கம்பளி தொங்கவிட்டிருந்தார்கள். சத்தம் வரும் என்று விசிறியை நிறுத்தி, கதவை உள்ளிருந்து தாழ் போட்டார்கள். பினாங்கு வெயிலில் ஒரு பெட்டிக்குள் உட்கார்ந்து பாட வேண்டும். நடுவில் ஒரு கம்பத்தில் மைக். அடுத்த அறையில் வெள்ளைக்காரர், எங்களோடு மொழி சொல்ல ஒரு மதராஸ்காரர். சிவப்பு விளக்கு எரிந்தால் பாட வேண்டும், மதராஸ்காரர் கையைத் தூக்கினால் முடித்துவிட வேண்டும். பாட்டை முதலில் மெழுகுத் தட்டில்தான் பதிவார்கள், மூன்று நிமிஷத்துக்கு மேல் அந்த மெழுகில் இடம் இல்லையாம்.

முதலில் தாலாட்டு, பிறகு கும்மி. இரண்டும் ஒழுங்காக முடிந்தன. மூன்றாவதாக நலுங்கு. நலுங்கை நான் ஆற அமரத்தான் பாடுவேன், மஞ்சள் பூசுகிற கைகள் வரிசையாக வந்து போக வேண்டாமா? கடைசி அடிக்கு மூச்சு எடுத்தேன், அவர் கையைத் தூக்கிவிட்டார். அக்கரை அடி பிளேட்டில் ஏறவில்லை. மறுபடி பாடுகிறேன் என்றேன். மெழுகு வீண் என்றார்கள்.

நான்காவதாக நான் கொண்டுபோனது நடவுப் பாட்டு. அதில் ஒரு வரிக்கு மதராஸ்காரர் முகம் சுளித்தார். வெள்ளைக்காரருக்கு என்ன புரியப்போகிறது என்றேன். எனக்குப் புரிகிறதே என்றார். சரி, வேறு என்ன இருக்கிறது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது அவரே கேட்டார்.

"ஒப்பாரி தெரியுமா அம்மா? இந்தப் பக்கத்துல யாரும் இன்னும் குடுக்கல."

"தெரியும். ஆனா சாவு விழாத வீட்டுல ஒப்பாரி வெக்கக் கூடாதுங்க."

"இது வீடு இல்லையே. ஓட்டல் ரூம்தானே?"

நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். ஒப்பாரிக்கு டோலக் கிடையாது என்பதால் அவர் அதை உறையில் போட்டுக் கட்டிக்கொண்டிருந்தார். வியர்வையில் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. "ஓட்டலுக்கு ஏது தீட்டு? பாடிட்டு வா, பசிக்குது" என்றார்.

பாடினேன். நன்றாகவே பாடினேன், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கடல் தாண்டிப் போன கணவனுக்காக ஒருத்தி அழுகிற ஒப்பாரி.

கப்பல் வரும் பாதையிலே கண்ணு வெச்சுக் காத்திருந்தேன்,
கரையேறி வந்ததென்ன, காத்தடிச்ச வேட்டி மட்டும்.

பாடும்போது என் கணவர் என் முழங்கால் இடிக்கும் தூரத்தில் உட்கார்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்தார். இந்த விவரத்தைப் பிறகு ஊரே தெரிந்துகொண்டது.

பல மாதங்கள் கழித்துக் கப்பலில் பிளேட்டுகள் வந்தன. தவுக்கே எங்களை அழைத்துப் பெட்டிக்குப் பக்கத்தில் நிற்கவைத்துச் சாவி கொடுத்தார். தாலாட்டும் கும்மியும் ஒரு பிளேட். கூட்டம் தலையாட்டியது, அவ்வளவுதான். அடுத்த பிளேட்டில் நலுங்கு வந்தது. என் மகள் என் கையைப் பிடித்து இழுத்து, "அக்கரை எங்கம்மா?" என்று கேட்டாள். பதில் சொல்வதற்குள் தவுக்கே அதே பிளேட்டைத் திருப்பிப் போட்டார்.

தெரு அப்படியே நின்றது. தலைச்சுமையை இறக்கி வைத்துவிட்டு ஒரு ஆள் சாக்கடை ஓரத்தில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். பிளேட் முடிந்ததும் மறுபடி போடச் சொன்னார்கள். அதன்பிறகும் சொன்னார்கள்.

எனக்கு வேறு கவலை. "ரெண்டும் ஒரே பிளேட்டா?" என்று கேட்டேன்.

"ஆமா தங்கச்சி. பாடின வரிசைப்படி சேத்துட்டாங்க. அதுக்கென்ன லா?"

அதுக்கென்ன? மறுபக்கம் ஒப்பாரி இருக்கிற பிளேட்டை எந்தக் கல்யாண வீட்டுக்காரன் வாசலுக்குள் விடுவான்? கடலுக்கு அந்தப் பக்கத்தில் யாரோ ஒருவன் இரண்டையும் முதுகோடு முதுகு ஒட்டவைத்துவிட்டான். அவனுக்கு நலுங்கும் ஒன்று, ஒப்பாரியும் ஒன்று. இரண்டும் புரியாத பாஷையில் ஒரு பெண் கத்துகிற சத்தம்.

பிளேட் கொத்துக் கொத்தாக விற்றது. ஏன் விற்றது என்று எனக்குச் சீக்கிரமே புரிந்தது. எங்கள் ஜனங்களில் பாதிப் பேருக்கு அப்பாவும் அம்மாவும் கடல் தாண்டிச் சொந்த ஊரில் இருந்தார்கள். அங்கே சாவு விழுந்தால் இங்கே கடுதாசி வரும்போது எல்லாச் சடங்கும் முடிந்திருக்கும். கட்டிப்பிடித்து அழப் பிணம் இல்லை, கூட அழ ஆள் இல்லை. அப்படிப்பட்டவர்கள் கடுதாசியைக் கையில் வைத்துக்கொண்டு என் பிளேட்டைப் போட்டு அழுதார்கள். அதை நான் குறை சொல்ல முடியுமா? முடியாது. அதனால்தான் எனக்குத் தப்பிக்க வழியே இல்லாமல் போயிற்று.

எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி ஒரு கல்யாணம் வந்தது. வாழைமரம் கட்டினார்கள், பந்தல் போட்டார்கள், எனக்குச் சொல்ல யாரும் வரவில்லை. புடவையை மாற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். யாரோ ஒருத்தி மூக்கால் நலுங்கு பாடுவது கேட்டது. மறுநாள் கல்யாண வீட்டுக்காரி என்னைத் தண்ணீர்க் குழாயடியில் பார்த்துவிட்டு, "உங்களுக்கு ஒடம்பு சரியில்லன்னு நெனச்சோம் அக்கா" என்றாள். என் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள்.

அதற்குப் பிறகு எல்லாருமே என் உடம்பு சரியில்லை என்று நினைக்க ஆரம்பித்தார்கள். தாலாட்டுக்குக் கூப்பிடவில்லை. வளைகாப்புக்குக் கூப்பிடவில்லை. நான் காய் வாங்கப் பாசாருக்குப் போனால் பிள்ளைத்தாய்ச்சிகள் உள்ளே போய்விடுவார்கள். சாவு வீட்டிலிருந்து மட்டும் ஆள் வந்தபடி இருந்தது. "பிளேட்டுல பாடினவங்க வந்து ரெண்டு வரி பாடினா போதும்" என்பார்கள். வரமாட்டேன் என்று எப்படிச் சொல்வது? கல்யாணத்துக்குப் போகாவிட்டால் கோபித்துக்கொள்வார்கள், துக்கத்துக்குப் போகாவிட்டால் மனிதப் பிறவியில்லை என்பார்கள். போவேன், பாடுவேன், குளித்துவிட்டு வீட்டுக்கு வருவேன். அடுத்த வாரம் அதே வீட்டுக்காரர்கள் என்னைத் தெருவில் கண்டால் எதிர்ப்பக்கம் போவார்கள்.

எல்லாவற்றையும்விட என்னை அரித்தது வேறொரு பேச்சு. புருஷனைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டே ஒப்பாரி வைத்தவள் என்று என்னைச் சொன்னார்கள். அவர் இருமினால் பக்கத்து வீட்டில் பேச்சு நின்றுவிடும். அவருக்குச் சளி பிடித்தால் நலம் விசாரிக்க நாலு பேர் வருவார்கள், வந்து என்னைப் பார்ப்பார்கள். அவர் அதைப் பற்றிக் கவலைப்படவே இல்லை. கல்லுப்போல இருந்தார். ஆனால் நான் அவர் தும்மினால்கூடத் தூக்கத்திலிருந்து எழுந்து உட்கார்ந்தேன். ஊருக்குப் பயந்தேனா, என் பாட்டுக்கே பயந்தேனா, தெரியாது.

வெளியேறப் பார்க்காமல் இல்லை. ஒரு நாடகக் கம்பெனி ஊருக்கு வந்து கொட்டகை போட்டது. சீன் மாற்றுகிற நேரத்தில் திரைக்கு முன்னால் கும்மிப் பாட்டுப் பாட வருகிறாயா என்று கேட்டார்கள். புதிதாக இரண்டு பாட்டுக் கட்டினேன், என் வீட்டுக்காரர் டோலக்குக்குப் புதுத் தோல் போட்டார். மேடைக்குப் போய் முதல் அடி பாடியதும் தரை டிக்கெட்டிலிருந்து குரல் வந்தது.

"அக்கா, வேட்டிப் பாட்டு! வேட்டிப் பாட்டு!"

கும்மியை உரக்கப் பாடினேன். அவர்கள் அதைவிட உரக்கக் கத்தினார்கள். கடைசியில் பாடிவிட்டேன். பிளேட்டில் ஓரிடத்தில் எனக்கு மூச்சுத் திணறி ஒரு சின்ன விக்கல் வந்திருக்கும், அந்த அறையின் புழுக்கத்தில் வந்தது. கொட்டகையில் நல்ல காற்று, விக்கல் வரவில்லை. அதற்குக்கூடக் குறை சொன்னார்கள், பிளேட்டில் இருக்கிற மாதிரி இல்லையாம். அடுத்த நாள் அந்த விக்கலையும் சேர்த்துப் பாடினேன். கூட்டம் குலுங்கிக் குலுங்கி அழுதது. திரைக்குப் பின்னால் வந்து நான் சுவரைக் குத்தினேன்.

பிளேட் கம்பெனிக்காரர்கள் மறுபடி ஊருக்கு வந்தபோது அந்த மதராஸ்காரரிடம் போய் நலுங்கைத் தனியாக ஒரு பிளேட்டாகப் போடுங்கள் என்று கேட்டேன். கடைசி அடியையும் சேர்த்து, கொஞ்சம் வேகமாகவே பாடுகிறேன் என்றேன். அவர் சிரித்தார். தாய்க்கு ஒப்பாரி, அண்ணனுக்கு ஒப்பாரி, இரண்டும் கொடுத்தால் இன்றைக்கே பதிவு செய்யலாம் என்றார். பின்னால் அந்த அறையின் கம்பளிகள் தெரிந்தன. நான் உள்ளே போகவில்லை.

இதற்குள் மகள் வளர்ந்துவிட்டாள். எனக்கு ஒரே ஓர் ஆசை மிச்சமிருந்தது. ஊர் கூப்பிடாவிட்டால் போகட்டும், என் மகள் நலுங்குக்கு நான் பாடுவேன், என் வீட்டில் என்னை யார் தடுப்பது?

தடுத்தார்கள். படகேறிப் போக வேண்டிய எதிர்க்கரையில், புக்கிட் மெர்தாஜாமிலிருந்து வரன் வந்தது. பையனுக்கு ரயில்வேயில் வேலை. அப்பா இல்லை, அம்மா மட்டும். அந்த அம்மா பெண் பார்க்க வந்த அன்று என்னோடு அதிகம் பேசவில்லை. நான் ஏதாவது பேசினால் தலையைக் குனிந்துகொண்டார். திரும்பிப் போனபின் தரகர் வந்து திண்டாடித் திண்டாடிச் சொன்னார்.

"அவங்களுக்குப் பொண்ண ரொம்பப் புடிச்சிருக்கு. ஒண்ணே ஒண்ணுதான் கேக்குறாங்க. விசேஷத்துல பொண்ணோட அம்மா பாடக் கூடாதாம்."

என் மகள் உள்ளேயிருந்து வந்தாள். "அப்படின்னா எனக்கு இந்தச் சம்பந்தம் வேணாம்" என்றாள். பையனை அவளுக்குப் பிடித்திருந்தது, அது அவள் முகத்திலேயே தெரிந்தது. நான் தரகரிடம் சரி என்று சொல்லிவிட்டேன். சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய், ஏற்கனவே கழுவிவைத்த பாத்திரங்களை எல்லாம் மறுபடி கழுவினேன். ஊரார் பெண்களுக்கெல்லாம் மஞ்சள் பூசிப் பாடிய வாய், சொந்தப் பெண்ணுக்கு மூடியிருக்க வேண்டும். அந்தச் சம்பந்தியம்மாள்மேல் எனக்கு அன்று வந்த வெறுப்பை எழுதினால் காகிதம் தாங்காது.

நலுங்கு எங்கள் வீட்டில்தான். என் வீட்டுக்காரர் தவுக்கே கடையிலிருந்து கிராமபோன் பெட்டியும் புது நாடகப் பிளேட்டுகளும் வாங்கிவந்து கூடத்தில் வைத்திருந்தார். மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் தட்டுகளோடு வந்தார்கள். மகளை மணையில் உட்காரவைத்ததும் நான் பின்னறைக்குப் போய்விட்டேன். முன்னால் இருந்தால் வாய் சும்மா இருக்காது. கதவை ஒருக்களித்துச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன்.

வெளியே பெண்கள் பாட ஆரம்பித்தார்கள். இத்தனை வருஷம் நானே பாடியதால் யாருக்கும் எதுவும் முழுசாகத் தெரியவில்லை. முதல் அடியையே திரும்பத் திரும்பப் பாடினார்கள். ஒருத்தி ஏறினாள், ஒருத்தி இறங்கினாள். பிறகு அதுவும் நின்றது. நான் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு இருந்தேன்.

கதவு திறந்தது. சம்பந்தியம்மாள். கையில் ஒரு துண்டில் சுற்றிய எதையோ வைத்திருந்தார்.

"உங்களுக்கு என்மேல கோவம் இருக்கும்" என்றார். "எனக்கு மூத்தவ ஒருத்தி இருந்தா. ஊர்ல கட்டிக் குடுத்தோம். பிரசவத்துல போயிட்டா. கடுதாசி வர்றதுக்குள்ள பதினாறே முடிஞ்சிருச்சு. உங்க பிளேட்டப் போட்டுத்தான் அவளுக்கு நான் அழுதேன். இப்பவும் உங்க குரலக் கேட்டா எனக்கு அடக்க முடியாது. கல்யாண வீட்டுல மாப்பிள்ளையோட அம்மா அழலாமா? அதுக்குத்தான் வேணாம்னு சொன்னேன். வேற ஒண்ணும் இல்லீங்க."

துண்டைப் பிரித்தார். என் பிளேட். "மருமக வர்ற வீட்டுல இத வெச்சிருக்கக் கூடாதுன்னாங்க. ஒடைக்க மனசு வரல. உங்ககிட்டயே குடுத்துடலாம்னு கொண்டாந்தேன்."

வாங்கினேன். ஒப்பாரிப் பக்கம் ஊசி ஓடி ஓடி வெளுத்துச் சாம்பல் நிறத்தில் இருந்தது. திருப்பிப் பார்த்தேன். நலுங்குப் பக்கம் கடையில் இருந்து வந்த அன்று போலக் கறுப்பாக மின்னியது. ஒரு கீறல் இல்லை.

"இந்தப் பக்கம் போட்டதே இல்லையா?"

"இல்லீங்க. அதுலயும் ஒப்பாரிதான் இருக்கும், ஒண்ணே தாங்க முடியலன்னு விட்டுட்டேன். எனக்குப் படிக்கத் தெரியாதே."

"அது நலுங்குப் பாட்டு" என்றேன்.

அவர் பிளேட்டை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு கூடத்துக்குப் போனார். யாரோ ஒருத்தி, "அய்யோ, அந்தப் பிளேட்டா?" என்றாள். "கொண்டாந்தவ நானு. யாரு கேக்குறது?" என்றார் சம்பந்தியம்மாள்.

என் குரல் கூடத்தில் கேட்டது. இளமையான குரல், இன்னும் எதுவும் நடக்காதவளின் குரல். மஞ்சள் பூசும் கைகள் வரிசையாகப் போய்வந்தன. நான் கதவிடுக்கில் நின்று பார்த்தேன். மூன்று நிமிஷம் முடிந்தது. கடைசி அடிக்கு முன்னால் பாட்டு அறுந்து, ஊசி கரகரவென்று தேய்ந்துகொண்டிருந்தது. யாரும் அதை எடுக்கவில்லை. மகள் மணையிலிருந்து தலையைத் திருப்பி என் கதவைப் பார்த்தாள்.

நான் சம்பந்தியம்மாளைப் பார்த்தேன். அவர் தலையசைத்தார்.

கதவைத் திறந்துகொண்டு வந்து பாடினேன். வாசலில் டோலக் சேர்ந்துகொண்டது, நான் மூச்சு வாங்கும் இடத்தில் தானும் நிறுத்தி. அக்கரைக்குப் போனாலும் அழுவாதடி என்று நான் பாடப் பாட, கூடத்தில் இருந்த பெண்கள் ஒவ்வொருத்தியாகக் கண்ணைத் துடைக்க ஆரம்பித்தார்கள். சம்பந்தியம்மாள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். என் குரலைக் கேட்டால் அழுவது என்று அவர்கள் பழகிவிட்டார்கள். நான் எதைப் பாடினால்தான் என்ன, இனிமேல் அதை மாற்ற என்னால் ஆகாது என்று பாடிக்கொண்டிருக்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

ஆனால் 'அக்கரை' என்ற சொல் வந்தபோதே மகள் மூக்கைச் சுருக்கிக்கொண்டு தயாராக இருந்தாள். நான் எட்டி நின்றதால் திருக முடியவில்லை. மஞ்சள் பூசிய முகத்தோடு அவள் கலகலவென்று சிரித்தாள். அந்தக் கூடத்தில் என் பாட்டைக் கேட்டுச் சிரித்தவள் அவள் ஒருத்திதான்.

கல்யாணம் முடிந்ததும் அவளும் படகேறி அக்கரைக்குப் போய்விட்டாள்.